ஹத்தும் ஹதவும்

கண்டிச் சந்தையில் ஏழு மாம்பழம் கேட்கும்போது சிங்களத்தில் 'ஹத' என்கிறோம். கன்னடம் பேசுவோருக்கு 'ஹத்து' என்றால் பத்து. காதுக்கு இரண்டும் உடன்பிறப்புகள் போலத் தோன்றினாலும் அவற்றுக்கிடையே உறவேதும் இல்லை. சிங்கள ஹகரம் ஸகரத்திலிருந்து வந்தது. கன்னட ஹகரம் பகரத்திலிருந்து வந்தது. இதை எப்படி அறிந்தார்கள்?

ஒற்றைச் சொல்லைக் கொண்டு அறிய முடியாது. பத்து 'ஹத்து' ஆனதுபோலவே பால் 'ஹாலு', பல் 'ஹல்லு', பெயர் 'ஹெசரு' என்று கன்னடத்தில் மாற்றம் முறை தவறாமல் வருகிறது. ஆகவே தமிழுக்கும் கன்னடத்துக்கும் மூலமான மொழியில் இச்சொற்கள் யாவும் ஒரே ஒலியில் தொடங்கியிருக்க வேண்டும். அவ்வொலி பகரமா, ஹகரமா? நம் தாய்மொழி என்பதற்காகத் தமிழுக்கே வெற்றி கொடுத்துவிடலாகாது. உலக மொழிகளில் ஒலிகள் பொதுவாக எத்திசையில் மாறுகின்றன என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே இங்கு கைகொடுக்கிறது.

மக்ரஜ் பயின்ற மாணவியருக்கு இது எளிதில் விளங்கும். 'ப' சொல்ல இதழ்கள் முழுதாக மூட வேண்டும். சற்றுத் தளர்ந்தால் காற்றுக் கசிந்து 'ஃப' ஆகும். இதழ்கள் வேலையையே விட்டுவிட்டால் மூச்சு மட்டும் எஞ்சி 'ஹ' ஆகும். இந்தப் படியில் இறங்கிய மொழிகள் பல. ஜப்பானியமும் ஆர்மீனியமும் அவற்றுள் அடங்கும். ஏறுவதோ மிக அரிது. அரபு நடுப்படியில் நிற்கிறது. 'திறந்தான்' என்பது ஹீப்ருவில் 'பாதஹ்', அரபில் 'ஃபதஹ'. 'ஃபாத்திஹா' பிறந்த வேர் அதுதான். பழங்கன்னடக் கல்வெட்டுகளில் பகரமே இருப்பது இக்கணிப்பை உறுதிசெய்கிறது.

இனி ஏழுக்கு வருவோம். சமஸ்கிருதத்தில் 'ஸப்த', பாளியில் 'ஸத்த', இலத்தீனில் 'செப்தெம்'. பாரசீகத்தில் 'ஹஃப்த்', கிரேக்கத்தில் 'ஹெப்தா', சிங்களத்தில் 'ஹத'. வாக்கெடுத்தால் மூன்றுக்கு மூன்று! ஆனால் ஸகரம் தளர்ந்து ஹகரமாவது உலகெங்கும் நடப்பது. மறுதலையாக நடப்பது அரிது. எனவே இந்தோ-ஐரோப்பிய மூலமொழிக்கு ஸகரமே உரியது. எழுத்துச் சிங்களத்தில் நிலவை 'ஸந்த' என்றும் பேச்சில் 'ஹந்த' என்றும் சொல்வதை நாம் இன்றும் கேட்கலாம்.

சிலவேளை இரண்டு ஒலிகளுமே மூல ஒலியாக இருக்காது. வட அமெரிக்க அல்கொன்கியன் குடும்பத்தில் நாய் கிரீ மொழியில் 'அதிம்', ஒஜிப்வே மொழியில் 'அனிமோஷ்'. தகரமும் னகரமும் ஒன்றிலிருந்து மற்றது எளிதில் பிறப்பவையல்ல. லியோனார்ட் புளூம்ஃபீல்ட் மூன்றாவது ஒலியொன்றை வைத்து, நாக்கு நுனியைப் பற்களுக்கிடையே வைத்துச் சொல்லும் அரபு 'ஸா'வுக்குரிய குறியால் அதை எழுதினார். காற்று உரசி வரும் ஒருவகை லகரமே பொருத்தம் என்பாரும் உண்டு.

இம்முறையை அளவுக்கு மீறி நம்பியதால் எழுந்த வழக்கொன்றும் உண்டு. இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் 'பாரதம்' என்பதன் முதலெழுத்துப் போலக் குரலும் மூச்சும் கலந்த ஒலிகள் இருந்தன, குரலற்ற மூச்சொலிகள் இல்லை என்பது நெடுநாள் முடிவு. அப்படியொரு மொழி உலகில் இல்லையே என்று 1950களில் ரோமன் யாகப்சன் மறுத்தார். 1970களில் கம்க்ரெலிட்ஸே, இவானொவ் ஆகியோர் அம்மொழியின் ஒலியமைப்பையே மாற்றி எழுதினர். பின்னர் போர்னியோத் தீவின் கெலாபிட் மொழியில் அதையொத்த அமைப்பு இருப்பது எடுத்துக்காட்டப்பட்டது. ஆய்வாளர் பலர் இன்றும் பழைய முடிவிலேயே நிற்கின்றனர்.