ஒரே பெட்டிக்குள் ஏழு ஆம்ப்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் போகும் 1-ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறினால், காவிரிப் பாலம் தாண்டிய சற்று நேரத்தில் திருவானைக்காவல் வந்துவிடும். சர் சி.வி. ராமன் 1888 நவம்பர் 7-ஆம் தேதி பிறந்த ஊர். ராமன் என்றதும் ஒளிச்சிதறலும் நோபல் பரிசும்தான் நினைவுக்கு வரும். அந்தக் கண்டுபிடிப்புக்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் கல்கத்தாவில் மிருதங்கத்தை ஆராய்ந்தார். சிவகாளி குமாருடன் சேர்ந்து அவர் எழுதிய சிறு கட்டுரை 1920-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. சாதாரணத் தோல் பறையின் அடிச்சுருதி 1 என்றால், அதன் மேல்சுரங்கள் 1.59, 2.14, 2.30 என்று ஒன்றோடொன்று சேராத விகிதங்களில் எழும். அதனால்தான் அதில் இன்ன சுருதி என்று பிடிபடாது. மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பியிருக்கும் கறுப்புக் கரணை இந்தக் கணக்கையே மாற்றிவிடுகிறது. தோலின் எடை நடுவில் கூடுவதால் மேல்சுரங்கள் 2, 3, 4, 5 என்ற முழு எண் விகிதங்களுக்கு வந்து சேர்கின்றன. தோல் வாத்தியம் தந்தி வாத்தியம்போல் சுருதி சேர்ந்து பேசுவது இதனால்தான்.

வீட்டு ஆடியோவைப் பற்றிப் பேச ராமனிடமிருந்து தொடங்கக் காரணம் உண்டு. எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிய ஹோம் தியேட்டர் ரிசீவரைக் கழற்றிவிட்டு, ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் ப்ரீ ஆம்ப், ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப் என்று தனித்தனியாக வாங்கலாமா என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல மிருதங்கத்தைவிடப் பொருத்தமான சோதனைக் கருவி நம் ஊரில் இல்லை. வலந்தலையில் விழும் ஒரு ‘நம்’ கண்ணிமைக்கும் நேரத்துக்குள் உச்சத்துக்கு ஏறி இறங்கும். இடந்தலையில், ரவைப் பசை அப்பிய தொப்பியில் மணிக்கட்டை அழுத்தி எழுப்பும் கும்கியோ ஆழமான தாழ்சுரம். இரண்டுக்கும் நடுவே பாடகரின் குரல். புதுக்கோட்டை வழி வந்த மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் தொப்பியைப் பற்றி ரசிகர்கள் இன்றும் பேசுவார்கள். அவருடைய சீடர் திருச்சி சங்கரன் வாசித்த நல்ல பதிவு ஒன்றைப் போடுங்கள். கும்கி விழும்போதெல்லாம் குரலோ தம்புராவோ ஒரு கணம் கலங்குகிறதா, தெளிவு குறைகிறதா என்று கவனியுங்கள். கலங்கினால், அந்த ஆம்ப் மின்சாரம் போதாமல் திணறுகிறது என்று சந்தேகிக்கலாம்.

ஏன் திணறுகிறது? சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்துக்குள் இருக்கும் ரிப்பேர் கடையில், மூடி கழற்றிய ரிசீவர் ஒன்றைப் பார்த்தேன். இடது ஓரத்தில் ஒரே ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர். அதன் அருகே டம்ளர் அளவில் இரண்டு கெப்பாசிட்டர்கள். நடுவில் குறுக்கே ஓடும் நீண்ட அலுமினிய ஹீட் சிங்க். அதில் வரிசையாகத் திருகியிருந்த டிரான்சிஸ்டர் ஜோடிகள் ஏழு. அதற்கு மேல் மாடி மாடியாகப் பச்சை போர்டுகள்: எச்டிஎம்ஐ, டால்பி டீகோடர், ரேடியோ, வைஃபை. போர்டுகளுக்கு நடுவே பட்டை வயர்கள், அவற்றின்மேல் திட்டாகத் தூசி, ஒரு மூலையில் பல்லி முட்டை. “ஆம்ப்புக்கு ஒண்ணும் ஆகலை சார், எச்டிஎம்ஐ போர்டுதான் போயிடுச்சு. ஆனா போர்டு கிடைக்காது” என்றார் மெக்கானிக்.

ஜோடிக்கு ஒன்றாகப் பெட்டிக்குள் ஆம்ப் ஏழு இருந்தாலும் மின்சாரம் தரும் இடம் ஒன்றுதான். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேர்மின்னாக்கிய பிறகு அந்தக் கெப்பாசிட்டர்கள் விநாடிக்கு 100 முறை நிரம்புகின்றன. நிரம்பும் இடைவெளியில் ஸ்பீக்கருக்கு வேண்டியதை அவைதான் தருகின்றன. 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 50 வோல்ட்டில் சேர்த்து வைப்பது 12.5 ஜூல். இரண்டுக்கும் சேர்த்து 25. கச்சேரி கேட்கும்போது இரண்டு சேனல்தான் வேலை செய்யும், அதற்கு இந்த 25 ஜூல் பெரும்பாலும் போதும். சண்டைக் காட்சியில் ஏழும் ஒரே நேரத்தில் கேட்டால் வோல்ட்டேஜ் இறங்கும். இறங்கினால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில், மூலத்தில் இல்லாத மேல்சுரங்களும் இரண்டு சுரங்களின் கூட்டலும் கழித்தலுமான புதுச் சுரங்களும் முளைக்கும். கரணை பாடுபட்டுச் சேர்த்து வைத்த முழு எண் கணக்கு அங்கே கலைந்துபோகும்.

விளம்பரத்தில் ‘150 வாட் × 7’ என்று போட்டிருப்பார்களே என்று கேட்கலாம். எத்தனை சேனல் ஓடும்போது 150? எத்தனை ஓமில்? எவ்வளவு சிதைவோடு? அட்டைப்பெட்டியின் முகப்பில் இருக்கும் பெரிய எண் பெரும்பாலும் ஒரே ஒரு சேனலை, 6 ஓமில், 1 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒற்றைச் சுரத்தில், 10 சதவீதச் சிதைவு வரை முடுக்கி எடுத்தது. அதே ரிசீவரை 8 ஓமில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 0.1 சதவீதத்துக்கும் குறைந்த சிதைவோடு இரண்டு சேனல் ஓட்டி அளந்தால் எண் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஏழையும் ஓட்டினால் இன்னும் இறங்கும். பொய் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் வாங்குபவருக்கு உதவாத எண். ஒரு காலத்தில் பிஎம்பிஓ (கணநேர உச்சத் திறன்) என்று போட்டு, ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய பிளாஸ்டிக் டெக்கை ஆயிரக்கணக்கான வாட் என்று விற்றார்கள். அமெரிக்காவில் இந்தக் கூத்தை அடக்க 1974-இலேயே விதி வந்தது.

வீட்டுக்கு உண்மையில் எத்தனை வாட் வேண்டும்? வழக்கமான ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் சுமார் 87 டெசிபல் கேட்கும். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 9 டெசிபல் போலக் குறையும். இரண்டு ஸ்பீக்கரும் சுவர் எதிரொலியும் அதில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும். ஆக, நிம்மதியாகப் பாட்டுக் கேட்கும் ஒலிக்கு ஒரே ஒரு வாட் போதும்! மீதி வாட் எல்லாம் எதற்கு என்றால், அந்த ‘நம்’முக்கு. சராசரியைவிட 20 டெசிபல் மேலே எழும் ஒரு தட்டலுக்கு 100 மடங்கு திறன் வேண்டும். 1 வாட் அந்தக் கணத்தில் 100 வாட் ஆகியே தீரவேண்டும். நல்ல பவர் ஆம்ப்பை எதற்காக வாங்குகிறோம் என்றால், இந்தக் கணங்களுக்காகத்தான்.

நம் ஊர் மைக் செட்காரர்கள் இந்தக் கணக்கை எப்போதோ கைப்பழக்கத்தில் பிடித்துவிட்டவர்கள். கோயில் திருவிழாவில் மிக்ஸர் தனி, ஆம்ப் தனி, பாக்ஸ் தனி, மரத்தில் கட்டிய குழாய் தனி. 1940-இல் தொடங்கிய அகுஜா கம்பெனியின் ஆம்ப் இல்லாத சவுண்டு சர்வீஸ் தமிழ்நாட்டில் அபூர்வம். அந்த ஆம்ப் பல நேரம் நூறு வாட்கூட இராது, ஊரே கேட்கும். காரணம் குழாய் ஸ்பீக்கர்: 1 வாட்டுக்கு 105 டெசிபலைத் தாண்டிவிடும். வீட்டு ஸ்பீக்கரைவிட 20 டெசிபல் அளவுக்கு அதிகம், அதாவது அதே சத்தத்துக்கு நூறில் ஒரு பங்கு திறன். ஸ்பீக்கரின் உணர்திறன் 3 டெசிபல் கூடினால் ஆம்ப்பின் வாட்டை இரட்டித்ததற்குச் சமம் என்பதைக் கடைக்காரர்கள் யாரும் சொல்வதில்லை. 80 வாட் ரிசீவரிலிருந்து 130 வாட் பவர் ஆம்ப்புக்குப் போனால் கூடுவது வெறும் 2 டெசிபல். இதற்காக லட்சம் செலவழிப்பது எனக்கு உடன்பாடில்லை.

அப்படியானால் தனி ஆம்ப்பால் பயனே இல்லையா? உண்டு. 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லாச் சுரத்திலும் 8 ஓமாக இருப்பதில்லை. சில இடங்களில் 4-க்கோ அதற்கும் கீழேயோ இறங்கும். 20 வோல்ட்டில் 8 ஓமுக்கு 2.5 ஆம்பியர் போதும். 4 ஓமுக்கு 5 ஆம்பியர். இரட்டிப்பு மின்னோட்டத்தைத் தயங்காமல் தருவதற்குப் பெரிய ட்ரான்ஸ்ஃபார்மரும் பெரிய ஹீட் சிங்க்கும் வேண்டும். ஏழு ஆம்ப்பும் இத்தனை போர்டும் அடைத்த 10 கிலோ பெட்டியில் அதற்கு இடம் இல்லை. உங்கள் ஸ்பீக்கர் 4 ஓம் வகை என்றாலோ, ஹால் பெரியது என்றாலோ, தனி ஆம்ப்பின் வித்தியாசம் காதில் விழும். சின்ன அறை, சுலபமான 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் பெரும்பாலும் விழாது. 1985-இல் அமெரிக்க வடிவமைப்பாளர் பாப் கார்வர், தன்னுடைய டிரான்சிஸ்டர் ஆம்ப்பை மாற்றியமைத்து, ‘ஸ்டீரியோஃபைல்’ இதழ்க்காரர்கள் தேர்ந்தெடுத்த விலை உயர்ந்த வால்வு ஆம்ப்போடு ஒத்துப்போக வைத்தார். கேட்டுப் பார்த்த அவர்களாலேயே எது எது என்று பிரிக்க முடியவில்லை. திணறாத இரண்டு நல்ல ஆம்ப்களுக்கு இடையில் வித்தியாசம் அவ்வளவு சின்னது.

தனித்தனியாக வாங்குவதற்கு என்னைக் கேட்டால் ஒலியைவிட வலுவான காரணங்கள் இரண்டு: வெயிலும் வயதும். ரிசீவரில் வழக்கமாக இருக்கும் ஏபி வகை ஆம்ப், தான் இழுக்கும் மின்சாரத்தில் பெரும் பங்கைச் சூடாகவே வெளிவிடும். மே மாதத் திருச்சியில் ஹாலே 38, 40 டிகிரி. டிவி அலமாரிக்குள் கண்ணாடிக் கதவை மூடி வைத்த ரிசீவரின் உள்ளே என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி ஏறும்போதெல்லாம் ஏறக்குறைய பாதியாகும். அந்தச் சூட்டின்மேல்தான் எச்டிஎம்ஐ போர்டு உட்கார்ந்திருக்கிறது. ரிப்பேர் கடையில் பார்த்ததும் அதுதான்: ஆம்ப் நன்றாக இருக்கிறது, போர்டு போய்விட்டது, முழுப் பெட்டியும் குப்பை. அடுத்தது வயது: எச்டிஎம்ஐ 2.0 வந்தது 2013-இல், 2.1 வந்தது 2017-இல். டால்பி அட்மாஸ் வீட்டு ரிசீவருக்குள் நுழைந்தது 2014-இல். டிஜிட்டல் பகுதி சில ஆண்டுகளில் பழசாகிவிடும், பவர் ஆம்ப் இருபது ஆண்டு உழைக்கும். இரண்டையும் ஒரே இரும்புப் பெட்டியில் பூட்டி வைப்பது நம் பணத்துக்கும் பூமிக்கும் நஷ்டம்.

ஆகவே ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். முதல் படிக்குக் காசே தேவையில்லை. சப்-ஊஃபர் இருந்தால், ரிசீவர் மெனுவில் முன் ஸ்பீக்கர்களை ‘ஸ்மால்’ என்று வைத்து 80 ஹெர்ட்ஸில் பிரித்துவிடுங்கள். சப்-ஊஃபருக்குள் ஏற்கெனவே சொந்த ஆம்ப் இருக்கிறது. கும்கியின் ஆழமும் குண்டு வெடிப்பும் அங்கே போய்விட்டால் ரிசீவரின் பாரம் பெருமளவு குறையும். அடுத்த படி, ரிசீவரின் பின்னால், வெளி ஆம்ப்புக்கு சிக்னல் தரும் ‘ப்ரீ-அவுட்’ துளைகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது. இருந்தால் இரண்டு சேனல் பவர் ஆம்ப் ஒன்று வாங்கி, முன் ஸ்பீக்கர் இரண்டையும் அதற்கு மாற்றலாம். பாட்டு அந்த இரண்டில்தான் இருக்கிறது. மிச்ச ஐந்து சேனலுக்கும் ரிசீவரின் மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும். இணைத்த பிறகு ஆட்டோ அளவீட்டு மைக்கை வைத்து மறுபடி ஓட்டிவிட வேண்டும், ஏனென்றால் புது ஆம்ப்பின் பெருக்கம் பழையதுபோல் இராது. நாளை ரிசீவர் போனாலும் ஆம்ப் இருக்கும்.

தனித்தனியாக வைத்ததும் பல வீடுகளில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் கேட்கும். இரண்டு பெட்டிகள் இரண்டு வழியாக எர்த்தைத் தொடும்போது, நடுவில் உள்ள ஆடியோ வயரில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஓடும். கேபிள் டிவி ஒயர் இதில் வழக்கமான குற்றவாளி. அதை மட்டும் கழற்றிப் பாருங்கள். எல்லாப் பெட்டிகளையும் ஒரே பிளக் போர்டுக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். இரைச்சல் போகிறது என்று எர்த் பின்னை உடைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது உயிரைக் காக்கும் கம்பி.

ஆம்ப் எதுவானாலும் அறையைத் தாண்ட முடியாது. 4 மீட்டர் நீள கான்கிரீட் அறையில் ஏறக்குறைய 44 ஹெர்ட்ஸ் சுரம் சுவருக்குச் சுவர் நின்று முழங்கும். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் சேர்ந்தால் மிருதங்கச் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழியும். கனமான திரைச்சீலை, புத்தக அலமாரி, ஒரு ஜமுக்காளம், சுவரிலிருந்து ஓரடி தள்ளிய ஸ்பீக்கர். இவை தரும் முன்னேற்றத்தை எந்த ஆம்ப்பும் தராது.

இவ்வளவும் செய்த பிறகும் அந்தக் கும்கியில் குரல் கலங்கினால், தாராளமாகப் பவர் ஆம்ப் வாங்கப் புறப்படுங்கள். கடையில் விலை கேட்பதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: இந்த வாட் எத்தனை ஓமில்? எத்தனை சேனல் சேர்ந்து ஓடும்போது? எந்தச் சுர எல்லைக்குள், எவ்வளவு சிதைவோடு? மூன்றுக்கும் அச்சில் பதில் காட்டும் ஆம்ப்பை மட்டும் வாங்குங்கள். காட்ட முடியாவிட்டால், அந்தப் பணத்தை நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள்.