சரக்கைப் படம் எடுக்கும் நாள்

மண்டி வியாபாரத்தில் பழகிய நமக்கு ‘மாதிரி’ என்ற சொல்லின் அருமை நன்கு தெரியும். துவரம் பருப்பானாலும் மிளகாய் வற்றலானாலும் மூட்டையிலிருந்து ஒரு கை எடுத்து, காகிதத்தில் பொட்டலம் கட்டி வெளியூர்க் கடைக்காரருக்கு அனுப்புவோம். அவர் அதைக் கையில் உருட்டிப் பார்ப்பார், வாயில் போட்டுப் பார்ப்பார், பிறகு ஆர்டர் கொடுப்பார். மாதிரி ஒன்றாகவும் போய்ச் சேர்ந்த சரக்கு வேறாகவும் இருந்தால் மூட்டை திரும்பி வரும். மூட்டை திரும்பி வந்தால் லாரி வாடகையோடு போகும். நம்பிக்கை போனால் எதைக் கொடுத்தும் மீட்க முடியாது.

இன்று அந்தப் பொட்டலத்தின் இடத்தில் ஒரு புகைப்படம் வந்து உட்கார்ந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் படம் பார்த்து மொத்தக் கொள்முதல் நடக்கிறது. இணையக் கடைகளில் படம் பார்த்தே சில்லறை வியாபாரம் நடக்கிறது. ஆனால் மாதிரிப் பொட்டலத்துக்குக் காட்டிய கவனத்தில் பாதியைக்கூட நம்மில் பலர் படத்துக்குக் காட்டுவதில்லை.

நம் உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். காஞ்சிபுரத்தில் கொள்முதல் செய்து தென்மாவட்டக் கடைகளுக்குப் பட்டுச் சேலை அனுப்பும் மொத்த வியாபாரி அவர். ஆவணி முகூர்த்தங்களை நம்பி மயில்கழுத்து நிறத்தில் 12 சேலைகளைக் கடையின் குழல்விளக்கு வெளிச்சத்தில் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினார். ஆர்டர் வந்தது, சேலைகளும் போயின. பத்தாம் நாள் அத்தனையும் திரும்பி வந்தன. “படத்தில் நீலம், பெட்டியில் பச்சை” என்றார் அந்தக் கடைக்காரர். இருவரிலும் ஏமாற்றியவர் எவரும் இல்லை. பாவு நீலம், ஊடை பச்சை என்று நெய்த சேலை அது. பார்க்கும் கோணத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்ப நிறம் மாறும். கைப்பேசி ஒரு நிறத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டது. சேலைகள் திரும்பி வருவதற்குள் முகூர்த்தங்கள் முடிந்துவிட்டன.

அதற்குப் பிறகுதான் அவர் தொழில்முறைப் புகைப்படக்காரரைத் தேடிப் போனார். அன்று நாமும் உடன் சென்றிருந்தோம். அங்கே கண்டதையும் கேட்டதையும், படம் எடுக்கப் போகும் வணிகர் எதை எதிர்பார்க்கலாம், எதற்குத் தயாராக வேண்டும் என்பதையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதல் ஒரு மணி நேரம்

ஸ்டூடியோவுக்குள் நுழைந்தவுடன் ‘கிளிக், கிளிக்’ என்று படம் எடுத்துத் தள்ளுவார்கள் என்று எண்ணிப் போனோம். அப்படி நடக்கவில்லை. முதல் சேலையை விரித்துப் போட்டுவிட்டு விளக்கை நகர்த்தினார்கள், வெள்ளைத் துணி மாட்டினார்கள், மறுபடி விளக்கை நகர்த்தினார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. நம் நண்பருக்குப் பொறுமை போய்விட்டது.

“தம்பி, 40 சேலை இருக்கு. இப்படிப் போனால் விடிஞ்சிடுமே!” என்றார்.

“அண்ணாச்சி, முதல் சேலைக்குத்தான் இந்த நேரம். வெளிச்சம் ஒரு தடவை அமைஞ்சிட்டா அடுத்ததெல்லாம் வேகமாப் போயிடும்” என்றார் அந்த இளைஞர்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. அடுத்து வந்தவை 10 நிமிடத்துக்கு ஒன்றாக முடிந்தன. ஆனால் நடுவே ஒரு வெள்ளைச் சேலை வந்தது. மறுபடி எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. அடுத்து கரும் அரக்கு நிறம்; மீண்டும் மாற்றம். இதில் நாம் கற்ற பாடம் இதுதான்: சரக்கைத் தரம் பிரித்து எடுத்துச் செல்ல வேண்டும். வெளிர் நிறங்கள் ஒரு கட்டு, அடர் நிறங்கள் ஒரு கட்டு, பெரியவை தனி, சிறியவை தனி. நாள் கணக்கில் கட்டணம் பேசியிருந்தால், கலந்து கட்டிய மூட்டை நம் பணத்தைத்தான் தின்னும்.

நிறம் எப்படிச் சரியாகிறது?

குழல்விளக்கு, குண்டு பல்பு, சன்னல் வெளிச்சம் ஆகிய மூன்றும் மூன்று நிறங்கள். நம் கண் அதைச் சரிசெய்துகொள்கிறது. கேமரா அப்படிச் செய்வதில்லை. மூன்றும் கலந்த கடைக்குள் எடுத்த படத்தில் வெள்ளை வேட்டி ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் தெரிவது இதனால்தான். ஸ்டூடியோவில் வெளி வெளிச்சத்தை அடைத்துவிட்டு ஒரே வகை விளக்குகளை மட்டும் எரிக்கிறார்கள். சேலையின் மேல் ஒரு சாம்பல் நிற அட்டையை வைத்து முதல் படம் எடுக்கிறார்கள். அந்த அட்டை கணினித் திரையில் சாம்பலாகவே தெரியும்படி சரிசெய்துவிட்டால் மற்ற நிறங்களும் பெரும்பாலும் தத்தம் இடத்துக்கு வந்துவிடும்.

ஆனால் மயில்கழுத்துச் சேலைக்கு அட்டை மட்டும் போதவில்லை. திரையில் நீலம் நன்றாகவே தெரிந்தது. புகைப்படக்காரருக்கு அது போதுமானதாகவும் இருந்தது. “இது இல்லை தம்பி, இதில் பச்சை ஓடணும்” என்று நம் நண்பர்தான் சொன்னார். அதன் பிறகு சேலையை விசிறி மடிப்பாக மடித்து, விளக்கைப் பக்கவாட்டில் வைத்தார்கள். மடிப்பின் ஒரு முகம் நீலமும் மறுமுகம் பச்சையுமாகத் தெரிந்தது. அந்த ஒரு படம், திரும்பி வந்த 12 சேலைகளுக்கும் பதில் சொல்வதுபோல் இருந்தது.

இதனால் நாம் வற்புறுத்திச் சொல்வது: கடைப் பையனிடம் மூட்டையைக் கொடுத்தனுப்பிவிட்டு நாம் கல்லாவில் உட்கார்ந்திருக்கக் கூடாது. வெளிச்சம் தெரிந்தவர் புகைப்படக்காரர். சரக்கு தெரிந்தவர் நாம். இருவரும் ஒரே திரையைப் பார்க்க வேண்டும். இப்போது கேமராவைக் கணினியோடு இணைத்து எடுத்தவுடனே பெரிதாகக் காட்டும் வசதி பல ஸ்டூடியோக்களில் இருக்கிறது. கேட்டுப் பெற வேண்டும். பிலிம் சுருள் காலத்தில் கழுவி வரும்வரை காத்திருந்து தவறு தெரிந்தபோது திருத்த வழியில்லை. இன்று அந்தச் சாக்கு நமக்கு இல்லை.

பாத்திரக் கடைக்காரர்களுக்கு

எவர்சில்வரும் பித்தளையும் கண்ணாடி போன்றவை. எதிரில் நிற்பதெல்லாம் அதில் தெரியும். கேமரா, விளக்கு, எடுப்பவரின் சட்டை நிறம்கூடக் குடத்தின் வயிற்றில் தெரியும். இதற்காகப் பாத்திரத்தைச் சுற்றிலும் வெள்ளைத் துணியால் கூடாரம் போல அமைக்கிறார்கள். முழுவதும் வெள்ளையானால் பாத்திரத்தின் ஓரமும் பின்னணியும் ஒன்றாகிவிடும் என்பதால் இருபுறமும் ஒல்லியான கறுப்பு அட்டைகளை நிறுத்துகிறார்கள். அந்தக் கறுப்புக் கோடு ஓரத்தில் பிரதிபலிக்கும்போதுதான் தூக்குவாளிக்கு உருவம் கிடைக்கிறது. ‘பளபளவென்ற பாத்திரத்துக்குப் பக்கத்தில் கறுப்பு அட்டை எதற்கு?’ என்று தடுத்துவிடாதீர்கள்.

குத்துவிளக்கை முன்பே துலக்கி, ஈரம் இல்லாமல் துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கொண்டுபோவது நல்லது. அங்கே பருத்திக் கையுறை போட்டே எடுத்து வைக்க வேண்டும். ஒரு விரல் ரேகை பட்டாலும் பெரிதாக்கிய படத்தில் கறையாகத் தெரியும். அதைக் கணினியில் நீக்க ஆகும் நேரத்துக்கும் கூலி நம் கணக்கில்தான் ஏறும். அளவு தெரிய ஒரு படமாவது வேண்டும். 6 அங்குல விளக்கும் 3 அடி விளக்கும் தனியாக எடுத்தால் ஒன்றுபோலவே இருக்கும். பக்கத்தில் ஒரு வெற்றிலையோ செம்போ வைத்து எடுத்த படம் வாங்குபவரின் கேள்வியைத் தீர்க்கும்.

பொட்டலச் சரக்குக்கு

மசாலாத் தூள், அப்பளம், ஊறுகாய் போன்றவற்றில் உறைதான் முகம். ஒவ்வொன்றிலும் 3 உறைகள் கொண்டுபோய், மடிப்பும் சுருக்கமும் இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்பக்கத்தையும் படமெடுக்க மறக்கக் கூடாது. இணையத்தில் விற்கும் பொட்டலப் பொருள்களுக்கு நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பாளர் முகவரி முதலிய விவரங்களைத் தளத்திலும் காட்ட வேண்டும் என்பது 2018 ஜனவரி 1 முதல் சட்டமுறை எடையளவு விதிகளில் உள்ளது.

படத்தில் அச்சாகியிருக்கும் விலையையும் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருள்களுக்கு ஜி.எஸ்.டி. விகிதம் மாறியது. விலை மாறிய சரக்குக்குப் பழைய உறையின் படம் தொங்கிக்கொண்டிருந்தால் தகராறு வரும். விலை மாறும்போது படத்தையும் மாற்றும்படி முன்பே பேசி வைப்பது புத்திசாலித்தனம்.

எத்தனை படம், என்ன அளவு?

ஒரு சரக்குக்கு ஒரு படம் போதாது. முழு உருவம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, நெருக்கத்தில் வேலைப்பாடு ஒன்று, அளவு காட்ட ஒன்று என நான்காவது வேண்டும். சேலைக்கு முந்தி, உடல், கரை மூன்றும் தனித்தனியாகத் தேவை.

எங்கே பயன்படுத்தப்போகிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அமேசான் தளத்தின் விதிப்படி முதல் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணி வேண்டும். படப்பரப்பில் 85 விழுக்காடு பொருள் நிரம்பியிருக்க வேண்டும். பெரிதாக்கிப் பார்க்கும் வசதிக்கு நீண்ட பக்கம் 1000 பிக்சலுக்குக் குறையக் கூடாது. அச்சுக்குக் கணக்கு வேறு. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பது அச்சகங்களின் வழக்கம். 4 அங்குல அகலத்தில் அச்சாக 1200 பிக்சல் தேவை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடுகிறது. அதைச் சிவகாசிக்கு அனுப்பி ‘காலண்டர் மங்கிவிட்டது’ என்று அச்சகத்தைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. மூலக் கோப்புகளைப் பென்டிரைவில் வாங்கி இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ள வேண்டும். அச்சுக்கு முன் மாதிரி அச்சு கேட்டு, அதைச் சரக்கின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அழகும் உண்மையும்

எடுத்த படத்தைக் கணினியில் திருத்துவது வழக்கம். தூசியை நீக்கலாம், பின்னணியைச் சுத்தம் செய்யலாம். ஆனால் ஜரிகையைக் கூடுதலாக மின்னச் செய்வதும், முந்திரியைப் பெருக்கிக் காட்டுவதும் கூடாது. இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் ஒரு நொடியில் இதைச் செய்துவிடுகின்றன. அதனால்தான் இன்னும் விழிப்பு வேண்டும். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகளின்படி விளம்பரம் பொருளின் உண்மையான தன்மையோடு ஒத்திருக்க வேண்டும். விளம்பரத்தில் காட்டியபடி பொருள் இல்லாவிட்டால் அதைத் திரும்பப் பெற மறுக்க முடியாது. அன்று அந்த இளைஞர் ஒரு சேலையின் ஜரிகையைக் கூட்டிக் காட்டி, “எப்படி அண்ணாச்சி?” என்றார். “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அது என் சேலை இல்லையே!” என்றார் நம் நண்பர். இதைவிடச் சுருக்கமாக நாம் சொல்ல முடியாது.

உரிமை யாருக்கு?

பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17-இன்படி, பணம் கொடுத்து ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் எடுத்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கேட்டுக்கொண்டவரே முதல் உரிமையாளர். ‘வேறு ஒப்பந்தம் இல்லாதபோது’ என்ற சொற்களைக் கவனியுங்கள். ஸ்டூடியோ கொடுக்கும் தாளில் பொடி எழுத்தில் வேறுவிதமாக இருக்கலாம். படித்துப் பார்த்தே கையெழுத்திட வேண்டும். ஒரு பெண் சேலை கட்டி நின்று படம் எடுத்தால், அந்தப் படத்தை எங்கே, எத்தனை காலம் பயன்படுத்துவோம் என்று அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குவது அவருக்கும் மரியாதை, நமக்கும் பாதுகாப்பு.

கட்டணம் படத்துக்கா, பொருளுக்கா, நாளுக்கா. திருத்தம் அதில் அடக்கமா. எத்தனை நாளில் கைக்கு வரும் என்பவற்றை முன்பே எழுதி வாங்குவோம். ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்கினால் வழக்கமான முறையில் பதிவு பெற்றவர்கள் உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்போருக்கு அந்த வரவு இல்லை.

புறப்படும் முன் சரிபார்க்க

1. சரக்கைத் தரம், நிறம், அளவு வாரியாகப் பிரித்து எண் ஒட்டினோமா?
2. சேலைக்கு இஸ்திரி, பாத்திரத்துக்குத் துலக்கல், பொட்டலத்துக்கு மாற்று உறை தயாரா?
3. எந்தச் சரக்குக்கு எந்தப் பக்கம் படம் வேண்டும் என்று பட்டியல் எழுதினோமா?
4. கட்டணம், திருத்தம், உரிமை, தேதி நான்கும் எழுத்தில் உள்ளனவா?
5. சரக்கு தெரிந்தவர் ஒருவர் முழு நேரமும் அங்கே இருப்பாரா?

நம் நண்பரின் மயில்கழுத்துச் சேலைகள் தை முகூர்த்தத்துக்கு அதே கடைக்குப் போயின. இந்த முறை ஒன்றுகூடத் திரும்பவில்லை. சரக்கு அதேதான், நெசவும் அதேதான். மாதிரிதான் இப்போது சரியாக இருந்தது. வணிகப் பெருமக்களே, நம் பெரியவர்கள் பொட்டலம் கட்டிய நாணயத்தோடு நாமும் படம் எடுப்போம்.