பூவின் மணமும் பரம்பரையலகின் வெளிப்பாடும்

மாணவர்களே, ஒரு செடியின் வேர்க் கலம், இலைக் கலம், அல்லிக் கலம் ஆகிய மூன்றிலும் இருப்பவை ஒரே பரம்பரையலகுகளே. அவ்வாறாயின் பூ மட்டும் மணப்பது ஏன்? "மணத்துக்குரிய பரம்பரையலகு பூவில் மாத்திரமே உண்டு" என்று பலர் விடை எழுதுவர். இது பிழையான விடை. ஏன் பிழை என்பதை விளங்கிக்கொண்டால் பரம்பரை, கூர்ப்பு ஆகிய இரு அலகுகளும் இலகுவாகிவிடும்.

தேப்பினொயிட்டுகள்

கொத்தமல்லி விதையின் மணம், கரட்டின் செம்மஞ்சள் நிறம், இறப்பர்ப் பாலிலுள்ள இறப்பர் ஆகிய மூன்றும் தேப்பினொயிட்டுகள் எனும் ஒரே சேர்வைக் குடும்பத்தால் உண்டாகின்றன. இவற்றின் அடிப்படை 5 காபன் அணுக்கள் கொண்ட ஒரு சிறிய அலகாகும். தாவரக் கலம் இவ்வலகைக் குழியவுருவில் ஒரு பாதையாலும் உருமணிகளில் வேறொரு பாதையாலும் ஆக்குகின்றது. இரண்டு அலகுகள் இணைந்தால் 10 காபன்; பூ மணங்கள் பல இவ்வகையின. கரட்டிலுள்ள கரோட்டினில் 40 காபன். இறப்பரிலோ ஆயிரக்கணக்கான அலகுகள் சங்கிலியாகத் தொடுக்கப்பட்டிருக்கும்.

மணப்பதெல்லாம் தேப்பினொயிட்டு என்று எழுதிவிடாதீர்கள். நம் நாட்டுக் கறுவாப்பட்டை, கராம்பு ஆகியவற்றின் பிரதான மணப்பொருள்கள் முற்றிலும் வேறான பாதையில் உண்டாகின்றன.

10 காபன் மூலப்பொருளை லினலூல் போன்ற குறித்த மணப்பொருளாக மாற்றுவது ஒரு நொதியம். நொதியம் புரதமாகும். புரதத்துக்கான தகவல் பரம்பரையலகில் உண்டு. எனினும் தகவல் இருந்தால் மட்டும் போதாது. டி.என்.ஏ யிலிருந்து தூது ஆர்.என்.ஏ பிரதியெடுக்கப்பட்டு, அதன்படி புரதம் தொகுக்கப்பட வேண்டும். இதையே பரம்பரையலகின் வெளிப்பாடு என்கிறோம். வீட்டின் எல்லா அறைகளிலும் மின்குமிழ் உண்டு. ஆளி போட்ட அறையில்தானே வெளிச்சம்? பரம்பரையலகுக்கும் அத்தகைய கட்டுப்பாட்டுப் பகுதி டி.என்.ஏ யிலேயே உண்டு. எந்த இழையத்தில், எப்போது, எவ்வளவு என்பவை அதன் வழியே தீர்மானிக்கப்படுகின்றன.

கலிபோர்னியாவின் கிளாக்கியா

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கிளாக்கியா எனும் சாதியைச் சேர்ந்த சிறு பூஞ்செடிகள் வளர்கின்றன. இவற்றுள் கிளாக்கியா கொன்சின்னா எனும் இனத்தின் பூவில் நாம் உணரத்தக்க மணமில்லை. அதற்கு நெருங்கிய உறவான கிளாக்கியா புறூவரியோ நன்கு மணப்பது. அந்துப்பூச்சிகளால் மகரந்தச்சேர்க்கை அடைவது. மணமற்ற, கொன்சின்னாவை ஒத்த ஒரு மூதாதையிலிருந்தே இது தோன்றியதாகக் கருதப்படுகிறது.

இவ்விரு இனங்களையும் ஒப்பிட்ட ஆய்வு 1996 இல் வெளியாகியது. அதன் பேறு சுவையானது. லினலூலை ஆக்கும் நொதியத்துக்கான பரம்பரையலகு மணமற்ற இனத்திலும் இருக்கின்றது! ஆனால் அங்கு அது குறியில் மாத்திரம், மிகக் குறைந்த அளவில் வெளிப்படுகின்றது. மணமுள்ள இனத்தில் குறியில் மிகுதியாக வெளிப்படுவதோடு தம்பத்திலும் அல்லிகளிலும் வெளிப்படுகின்றது. அல்லி பரப்பில் பெரியது. ஆகவே காற்றிற் கலக்கும் மணமும் அதிகம். மொட்டு விரிவதற்குச் சற்று முன்னரே தூது ஆர்.என்.ஏ உச்ச அளவை அடைகின்றது. பூ விரியும்போது மணம் ஆயத்தமாக இருக்கும்.

ஆகவே இங்கு புதிய பரம்பரையலகு தோன்றவில்லை. இருந்த ஒன்றின் வெளிப்பாடே மாறியது.

இவ்விடத்தில்தான் மாணவர்கள் புள்ளிகளை இழக்கின்றனர். "அந்துப்பூச்சிகளைக் கவர்வதற்காகத் தாவரம் மணத்தை உண்டாக்கிக்கொண்டது" என்று எழுதுவர். தாவரத்துக்கு நோக்கம் எதுவும் கிடையாது. வெளிப்பாட்டை மாற்றிய விகாரம் முதலில் தற்செயலாக நிகழும். அதனால் சில தாவரங்களின் பூக்கள் சற்றே மணக்கும். அவற்றை அந்துப்பூச்சிகள் கூடுதலாக நாடினால் அவை கூடுதலான வித்துக்களை விடும். அடுத்த தலைமுறையில் அவ்வியல்பு பெருகும். விகாரம் முன்னது, தேர்வு பின்னது. இந்த ஒழுங்கை மாற்றி எழுதினால் வேறு எவ்வளவு எழுதியும் பயனில்லை.

பிரதிகள் பெருகுதல்

இன்னொரு வழியும் உண்டு. சிலவேளை ஒரு பரம்பரையலகு தவறுதலாக இரு பிரதிகளாகிவிடும். ஒன்று பழைய தொழிலைச் செய்துகொண்டிருக்க, மற்றையதில் விகாரங்கள் சேரும். பெரும்பாலும் அது செயலிழந்துபோகும். எப்போதாவது புதிய சேர்வை ஒன்றை ஆக்கும் நொதியத்தைத் தரும். இவ்வாறு பெருகியதால், அரபிடோப்சிஸ் எனும் சிறு செடியில் தேப்பீன் தொகுப்பு நொதியங்களுக்கென 30 இற்கும் மேற்பட்ட பரம்பரையலகுகள் உள்ளன. முந்திரிகைக் கொடியில் 69 வரை இனங்காணப்பட்டுள்ளன.

ரோசாவோ தனி ரகம். அதன் மணத்துக்கு முக்கியமான ஜெரானியோல் பல தாவரங்களில் உருமணியினுள் தேப்பீன் தொகுப்பு நொதியத்தால் ஆக்கப்படுவது. ரோசாவில் அது குழியவுருவில், முற்றிலும் வேறொரு நொதியக் குடும்பத்தின் உதவியுடன் உண்டாகின்றது என 2015 இல் கண்டறியப்பட்டது. மணமுள்ள ரோசாவின் அல்லிகளில் அந்நொதியத்துக்கான பரம்பரையலகு மிகுதியாக வெளிப்படுகின்றது. மணமற்ற வகைகளில் வெளிப்பாடு மிகக் குறைவு. பொருள் ஒன்று, கூர்ப்பின் வழி இரண்டு.

இரசாயனப் பெயர்களை மனனஞ் செய்ய வேண்டியதில்லை. கீழுள்ள வினாவுக்கு மட்டும் உங்கள் சொந்த வசனங்களில் விடை எழுதிப் பாருங்கள்.

பயிற்சி வினா: ஒரு தாவரத்தின் இலையிலும் அல்லியிலும் ஒரே பரம்பரையலகு உண்டு, எனினும் அல்லி மட்டுமே லினலூலை வெளிவிடுகின்றது. (அ) இதற்கான காரணத்தை விளக்குக. (ஆ) இத்தாவரத்தின் மூதாதைக்கு மணம் இருக்கவில்லையெனில், மணமுள்ள இனம் தோன்றியிருக்கக்கூடிய படிகளை ஒழுங்குமுறையாகத் தருக.