‘எந்த உரிமையும் இல்லை’ என்று எழுதுமுன்: கொரியப் பெண்களின் மனுக்கள்

‘அக்காலத்தில் பெண்களுக்கு எந்த உரிமையும் இல்லை.’ மாணவர்களே, வாதக் கட்டுரையில் இந்த வரியை நீங்கள் எத்தனை முறை எழுதியிருப்பீர்கள்? ஆசிரியர்களாகிய நாங்களும் சரி என்று விட்டுவிடுகிறோம். கொரிய வரலாற்றை வைத்து இதைச் சற்றுச் சோதித்துப் பார்ப்போமா?

1392 முதல் 1910 வரை கொரியாவை ஆண்டது சோசன் அரசமரபு. மனைவி கணவருக்கும் அடிமை எசமானருக்கும் அடங்க வேண்டும் என்ற கன்பூசிய நெறி வேரூன்றிய காலம் அது. அக்கால மனுக்களையும் வழக்குகளையும் ஆராய்ந்த ஜிசூ கிம் என்ற வரலாற்றறிஞர், ‘நீதியின் உணர்ச்சிகள்’ எனப் பொருள்படும் ஆங்கில நூலை 2015-இல் வெளியிட்டார். பெண்களும், ஏன், அடிமைப் பெண்களும்கூட, தங்கள் பெயரிலேயே அரசிடம் மனு கொடுத்தார்கள் என்பதை அந்நூல் காட்டுகிறது.

இது எப்படி முடிந்தது? ‘வொன்’ என்ற கொரியச் சொல்லில்தான் விடை இருக்கிறது. அநீதிக்கு ஆளானவர் மனத்தில் தேங்கி நிற்கும் குமுறலே வொன். அது தீராவிட்டால் இயற்கையின் ஒழுங்கு கெட்டு மழைகூடப் பொய்த்துவிடும் என்று நம்பினார்கள். அதனால், யாருடைய குமுறலாக இருந்தாலும் கேட்பது அரசரின் கடமையானது. உள்ளூர் அதிகாரியிடம் நீதி கிடைக்கவில்லையா? அரசர் ஊர்வலமாக வரும் வழியில் சேகண்டியைத் தட்டி முறையிடலாம்.

மொழி ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று. அரசு அலுவல்கள் செம்மைச் சீன எழுத்தில் நடந்தன. பெண்களோ 1446-இல் அறிவிக்கப்பட்ட கொரிய எழுத்திலும் மனு எழுதினார்கள். தாங்கள் பேசும் மொழியிலேயே தங்கள் துயரத்தைச் சொன்னார்கள்.

அப்படியானால் அங்கே சமத்துவம் இருந்ததா? இல்லைங்க. மனைவி கணவர்மீதோ, அடிமை எசமானர்மீதோ குற்றம் சாட்டினால், அரசத்துரோகம் தவிர மற்றவற்றில், சட்டப்படி மரண தண்டனை! முறையிட ஒரு கதவைத் திறந்த அதே அரசு, வீட்டுக்குள் இருந்த அதிகாரத்தைத் தொடவில்லை.

எனவே, அடுத்த முறை இப்படி எழுதிப் பாருங்கள்: ‘சோசன் காலப் பெண்களுக்கு முறையிடும் உரிமை இருந்தது, சம உரிமை இல்லை.’ முதல் வரியைவிட இதில் உண்மை கூடுதல். வாதத்துக்கும் வலிமை கூடும்.