வள்ளத்தின் மேனியைக் காப்போம்

(பன்னிரண்டாம் வகுப்பு மாணவி)

எங்கள் குமரிக் கடற்கரையில் ஒரு புது வள்ளம் கடலில் இறங்கும் நாள் சிறு திருவிழாவைப் போன்றது. பங்குத் தந்தை வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். வள்ளத்தின் இரு புறத்திலும் தேவ அன்னையின் பெயரோ, ஒரு புனிதரின் பெயரோ பளிச்சென்று எழுதப்பட்டிருக்கும். ஓராண்டு கழித்து அதே வள்ளத்தைப் பாருங்கள். எஞ்சின் மாட்டியிருக்கும் பின்பக்கத்தில், எரிபொருள் ஊற்றும் இடத்துக்குக் கீழே, பழுப்பு நிறக் கோடுகள் வழிந்து காய்ந்திருக்கும். எழுத்துகள் மங்கியிருக்கும். இது கடல் செய்த வேலையன்று. நம் கைகள் செய்த வேலை.

எங்கள் வள்ளத்துக்கும் இக்கதி நேர்ந்தது. அதில் பாதிப் பழி என்னுடையது. விடுமுறை நாள்களில் கேனிலிருந்து டாங்கில் மண்ணெண்ணெய் ஊற்றி அப்பாவுக்கு உதவுவேன். சிந்தியதைத் துடைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. 'கடல் தண்ணீர் பட்டால் தானே போய்விடும்' என்று இருந்துவிட்டேன். கறை போகாததைக் கண்டதும், யாரோ சொன்னதைக் கேட்டுத் துணியைத் தின்னரில் நனைத்து அழுத்தித் தேய்த்தேன். கறை அப்படியே இருந்தது. 'ஆரோக்கிய அன்னை' என்பதில் 'அன்னை' மட்டும் அழிந்து போயிற்று! அப்பா என்னைத் திட்டவில்லை. "வள்ளத்துக்க கடன் இன்னும் தீரல மக்களே" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு சொல் என்னை இரவெல்லாம் உறங்கவிடவில்லை. வள்ளம் கட்டும் பட்டறையில் வேலை செய்யும் என் மாமாவிடமும், எங்கள் வேதியியல் ஆசிரியையிடமும் கேட்டறிந்தவற்றை என் தோழியருக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று இங்கே தருகிறேன்.

வள்ளத்தின் தோல்

நம் முன்னோர் கட்டுமரத்தில் சென்றனர். அதற்கு எரிபொருளும் இல்லை, எண்ணெய்க் கறையும் இல்லை. பிறகு பிளைவுட் வள்ளங்கள் வந்தன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு ஃபைபர் வள்ளங்கள் நம் கரையெங்கும் பெருகின. ஃபைபர் என்பது கண்ணாடி இழைப் பாயை ரெசின் என்னும் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காகப் படியவைத்துச் செய்வது. அதன் வெளிப்புறத்தில் வழவழப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கும் மேற்பூச்சுக்கு ஜெல்கோட் என்று பெயர். அதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். ஆயினும் வெயிலையும் உப்பு நீரையும் தாங்கி உள்ளிருக்கும் இழைகளைக் காப்பது அதுவே. நம் உடலுக்குத் தோல் எப்படியோ, வள்ளத்துக்கு ஜெல்கோட் அப்படி.

எரிபொருள் செய்யும் தீங்கு

நம் எஞ்சின்களில் பல பெட்ரோலில் கிளப்பப்பட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுபவை. டூ ஸ்ட்ரோக் எஞ்சினாயின் எரிபொருளுடன் ஆயிலும் கலந்திருக்கும். இது சிந்தும்போது முதலில் வள்ளத்தின் மேலுள்ள மெழுகுப் பூச்சு கரைந்து போகிறது. பெட்ரோல் ஆவியாகிவிடும், ஆனால் ஆயில் அங்கேயே தங்கிவிடும். அதில் மணலும் தூசியும் ஒட்டிக்கொள்ள, வெயில் அதைச் சுட்டுப் பழுப்பாக்குகிறது. ஜெல்கோட்டில் முடி போன்ற மெல்லிய வெடிப்புகள் இருந்தால் கறை அவற்றினுள் இறங்கிவிடும்.

சாதாரண எனாமல் பெயிண்டின் கதி இன்னும் மோசம். பெட்ரோலும் தின்னரும் அதை இளக்கிக் கிளப்பிவிடும். பெயர் எழுதியிருப்பதும் பதிவு எண் எழுதியிருப்பதும் அந்தப் பெயிண்டில்தானே! மேலும், இக்காலப் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனாலுக்குச் சில வகை ரெசின்களை இளக்கும் தன்மையும் உண்டு. மிதப்புக்காகத் தெர்மோகோல் வைத்துக் கட்டிய வள்ளமாயின், வெடிப்பு வழியாகப் பெட்ரோல் உள்ளே இறங்க விடவே கூடாது. பெட்ரோலில் தெர்மோகோல் சர்க்கரை போலக் கரைந்துவிடும்.

ஒரு முறை சிந்தி உடனே துடைக்கப்பட்ட எரிபொருள் ஜெல்கோட்டை ஒன்றும் செய்துவிடாது என்று மாமா கூறினார். நாள்தோறும் சிந்தி, நாள்தோறும் விடப்படுவதே அதைக் கெடுக்கிறது.

வருமுன் காக்கும் வழிகள்

1. கூடியமட்டும் வள்ளம் கரையில் அசையாமல் நிற்கும்போதே எரிபொருளை ஊற்ற வேண்டும். சிறிய கேனையும் டாங்கையும் கீழே இறக்கித் தரையில் வைத்து நிரப்புவது மிக நன்று.

2. வாய் அகன்ற, வலையிட்ட புனலைப் பயன்படுத்த வேண்டும். ஊற்றும் இடத்துக்குக் கீழே விளிம்பின்மேல் பழைய துணியையோ பனியன் வேஸ்ட்டையோ விரித்துக்கொள்ள வேண்டும். ஊற்றத் தொடங்கும் முன்பே துணி அங்கு இருக்க வேண்டும். சிந்திய பின் தேடினால் துணி கிடைப்பதில்லை!

3. கேனைக் கழுத்துவரை நிரப்பக் கூடாது. வெப்பத்தால் திரவங்கள் விரிவடையும் என்று இயற்பியல் வகுப்பில் படித்திருக்கிறோம். அதிகாலையில் 25 டிகிரியில் நிரப்பிய 20 லிட்டர் பெட்ரோல், நண்பகல் வெயிலில் 40 டிகிரிக்குச் சூடானால் கால் லிட்டருக்கும் சற்று அதிகமாக விரிவடையும். இடமில்லாவிட்டால் அவ்வளவும் மூடி வழியாக வெளியேறி வள்ளத்தின் மேல்தான் வழியும். பாடப் புத்தகத்தில் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்தது வீட்டில் கண்ணெதிரே நடக்கிறது!

4. ரப்பர்க் குழாயையும் மூடியின் வாஷரையும் அடிக்கடி பார்த்து, வெடித்திருந்தால் மாற்றிவிட வேண்டும். சில ரூபாய் வாஷர் பல ஆயிரம் ரூபாய்ச் செலவைத் தடுக்கும்.

5. எரிபொருள் ஊற்றும் இடத்தில் பீடி, தீக்குச்சி, அடுப்பு எதுவும் ஆகாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. வள்ளத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் தேங்கி நிற்கும்.

6. ஆண்டுக்கு இரு முறையாவது வள்ளத்தின் வெளிப்புறத்தைக் கழுவிக் காயவைத்து மெழுகு பாலிஷ் போட வேண்டும். அப்படிச் செய்தால் சிந்தும் எரிபொருள் முதலில் மெழுகைத்தான் தொடும். ஜெல்கோட் தப்பிக்கும்.

சிந்திவிட்டால்?

பதற்றப்படாமல், ஆனால் காலம் தாழ்த்தாமல் செயல்பட வேண்டும். முதலில் காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் கறை பரவும். பிறகு பாத்திரம் துலக்கும் சோப்பை நல்ல தண்ணீரில் கரைத்து மென்மையான துணியால் கழுவி, மீண்டும் நல்ல தண்ணீர் விட்டு அலசித் துடைக்க வேண்டும். மணலையோ தேங்காய் நாரையோ கொண்டு தேய்க்கக் கூடாது. கோடுகள் விழுந்து, அடுத்த கறை அக்கோடுகளில் குடியேறிவிடும்.

வள்ளம் நீரில் மிதக்கும்போது சிந்தியதைக் கடலில் தள்ளிவிட்டு அதன்மேல் சோப்பை ஊற்றுவது தவறு. எண்ணெய் கண்ணுக்கு மறையுமே தவிர அழிந்துவிடாது. துகள்துகளாகப் பிரிந்து நீருக்குள் இறங்கி, மீன் முட்டைகளுக்கும் குஞ்சுகளுக்கும் கேடாகும். துணியில் ஒற்றிக் கரைக்குக் கொண்டுவருவதே முறை. அந்தத் துணியை மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, சமையலறைக்குத் தொலைவில் வைக்க வேண்டும்.

கறை படிந்துவிட்டால்?

இங்கே ஒரு முக்கியமான விதி உண்டு: முதலில் எண்ணெய்ப் பசையைப் போக்க வேண்டும், அதன் பிறகே தேய்க்க வேண்டும். முறை மாறினால், தேய்க்கும் கீறல்களுக்குள் எண்ணெய் புகுந்து கறை நிலைத்துவிடும். நான் செய்த பிழை இதுவே.

சோப்பு நீரால் இரண்டு மூன்று முறை கழுவிய பிறகும் லேசான கறை இருந்தால், ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி மெதுவாகத் துடைத்துப் பார்க்கலாம். அதற்கும் அசையாவிட்டால் ரப்பிங் காம்பவுண்டைத் துணியில் எடுத்து, ஒரு சிறு இடமாக வட்டமாகத் தேய்க்க வேண்டும். வெளியே தெரியாத ஒரு மூலையில் முதலில் செய்து பார்ப்பது அறிவுடைமை. ஒவ்வொரு முறையும் ஜெல்கோட்டின் ஒரு மெல்லிய படலம் தேய்ந்து போகிறது என்பதையும், மொத்தமே அரை மில்லிமீட்டர்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

ஜெல்கோட் வெடித்திருந்தாலோ பெயர்ந்திருந்தாலோ அது பட்டறைக்காரர் செய்ய வேண்டிய வேலை. சேதமான இடத்தைச் சுத்தம் செய்து, நன்கு உலரவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, அதே நிற ஜெல்கோட்டைக் குழைத்துப் பூசுவர். 100 கிராம் ஜெல்கோட்டுக்கு 1 முதல் 2 கிராம் வரைதான் கேட்டலிஸ்ட் சேர்ப்பர். காற்றுப் பட்டால் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே இருந்துவிடும் என்பதால் மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டிவைப்பர். இறுகிய பிறகு 400, 600, 1000 எண் வாட்டர் பேப்பர்களால் வரிசையாகத் தேய்த்துப் பாலிஷ் போடுவர். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போய்விடக்கூடும். அதையும் கோபால்ட் எனப்படும் ஆக்சிலரேட்டரையும் நேரடியாகக் கலந்தால் வெடித்துவிடும். ஆகவே சிறுவர் சிறுமியர் அப்பக்கம் செல்லவே கூடாது.

பெயரும் எண்ணும் மீண்டும் எழுத வேண்டுமாயின் மெழுகு போடும் முன்பே எழுதிவிட வேண்டும். மெழுகின்மேல் பெயிண்ட் ஒட்டாது. எழுத்துகள் நன்கு காய்ந்த பின்னரே மெழுகு பூச வேண்டும்.

எண்ணூர் தரும் பாடம்

நாம் சிந்துவது கைப்பிடியளவுதானே என்று சிலர் எண்ணலாம். 2017-ஆம் ஆண்டு சனவரி 28-ஆம் நாள் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதியதால் எண்ணெய் கரை ஒதுங்கியது. இளைஞர்களும் தொண்டர்களும் வாளி வாளியாக அதை அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, மீனவர்களின் படகுகளும் வலைகளும் கருமையாகிப் போயின. படகுகளைச் சீர்செய்யத் தலா 10,000 ரூபாய் என்று தமிழக அரசு நிவாரணம் அறிவித்தது. தாம் சிந்தாத எண்ணெயைத் தம் படகிலிருந்து சுரண்ட வேண்டிய நிலை அம்மக்களுக்கு வந்தது. அந்தப் பெரிய தவறுகளைத் தடுக்கும் வலிமை நம்மிடம் இல்லை. ஆனால் நம் கையிலுள்ள கேனிலிருந்து சிந்துவதைத் தடுக்க நம்மால் முடியும். நம் கை சுத்தமாயிருந்தால்தான் பிறரைப் பார்த்து நியாயம் கேட்கவும் வாய் வரும்.

முடிவாக

கடல் கொந்தளித்துத் தொழிலுக்குப் போகாதிருந்த ஒரு வாரத்தில் மாமாவும் நானும் எங்கள் வள்ளத்தைக் கழுவிச் சீர்செய்தோம். பட்டறை வேலையை மாமா பார்த்துக்கொண்டார். கழுவுவதும் துடைப்பதும் என் பங்கு. 'அன்னை' என்ற சொல்லை அப்பாவே எழுதினார். பழைய எழுத்தும் புதிய எழுத்தும் சற்று வேறுபட்டுத்தான் தெரிகின்றன. ஒவ்வொரு முறை அதைப் பார்க்கும்போதும் எனக்கு என் அவசரம் நினைவுக்கு வருகிறது. இப்போது எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு துணி எப்போதும் கட்டித் தொங்குகிறது. அதைத் துவைத்து மாற்றுவது என் பொறுப்பு.

தோழியரே, கடலை இறைவன் இலவசமாகத் தந்தார். வள்ளத்தை நம் தந்தையர் கடன்பட்டு வாங்கியிருக்கின்றனர். இரண்டையும் காப்பது பிள்ளைகளாகிய நம் கடமை. சிந்தாமல் ஊற்றுவோம், சிந்தினால் அப்பொழுதே துடைப்போம்.