இன்ஹேலரை ஏன் ஒளித்து வைக்க வேண்டும்?

காலை எட்டரை மணி. ரயில் நிலையத்து மேம்பாலம். ஆபீசுக்கு ஓடுகிற கூட்டத்தில் ஒருவர் மட்டும் பாதிப் படியில் நின்று, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்குகிறார். கேட்டால், "ஒன்றுமில்லை சார், வயசாகிவிட்டது" என்பார். வயது ஐம்பதுதான். எழுந்தவுடன் அரை மணி நேரம் இருமல், சளி. டாக்டர் எழுதிக் கொடுத்த இன்ஹேலர் வீட்டு அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடக்கிறது. அதைப் பிடித்தால் விடாது, அது கடைசிக் கட்டத்து மருந்து என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஆகவே மாத்திரையிலேயே காலத்தை ஓட்டுகிறார்.

இப்படிப்பட்டவர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. இவர்களில் பலருக்கு இருப்பது வயதின் கோளாறு அல்ல. நீடித்த நுரையீரல் அடைப்பு நோய். டாக்டர்கள் இதை சி.ஓ.பி.டி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2021ல் மட்டும் இந்நோயால் உலகெங்கும் 35 லட்சம் பேர் இறந்தார்கள். சிகரெட், பீடி மட்டுமே காரணம் அல்ல. நம்முடையது போன்ற நாடுகளில் விறகடுப்புப் புகைக்கும், தொழிற்சாலைத் தூசிக்கும் இதில் பெரும் பங்கு உண்டு.

இன்ஹேலரைப் பற்றிய பயம் நியாயமானதா? இதற்கு விடை காண, மூச்சுக்குழாயின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்துக்குப் போக வேண்டும்.

செல்லின் வாசல்கள்

நம் உடல் கோடானுகோடி செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லையும் மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. அது கொழுப்பால் ஆனது. உப்பும் பல மருந்துகளும் அதைச் சுலபமாகத் தாண்டிவிட முடியாது. ஆகவே சவ்வின் குறுக்கே புரதங்கள் பதிந்திருக்கின்றன. சில புரதங்கள் கதவு போல் திறந்து மூடும். சில, வாசலில் உள்ள அழைப்பு மணி போல வேலை செய்யும். வெளியே நின்று மணியை அழுத்தினால் போதும், உள்ளே இருப்பவருக்குச் செய்தி போய்விடும். மணியை அழுத்தியவர் வீட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை.

நுரையீரல் நோயில் இப்படிப்பட்ட மூன்று புரதங்கள் முக்கியமானவை.

சளி ஏன் கெட்டியாகிறது?

முதலாவது, உப்பின் ஒரு பகுதியான குளோரைடை வெளியே விடும் கதவு. மூச்சுக்குழாயின் உள்தோலில் இது இருக்கிறது. குளோரைடு வெளியே வந்தால் பின்னாலேயே தண்ணீரும் வரும். அந்த ஈரத்தின் மீதுதான் சளி வழுக்கிக்கொண்டு நகர்கிறது. நுண்ணிய மயிரிழைகள் அதைத் தூசியோடும் கிருமியோடும் சேர்த்துத் தொண்டைக்குத் தள்ளுகின்றன.

இந்தக் கதவுக்குரிய மரபணுவை 1989ல் அமெரிக்க, கனடா விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அது பிறவியிலேயே பழுதானால் குழந்தைகளுக்கு 'சிஸ்டிக் பைப்ரோசிஸ்' என்ற கடுமையான நோய் வருகிறது. பின்னர் நடந்த ஆராய்ச்சிகளில் இன்னொன்றும் தெரிய வந்தது. பிறவியில் கதவு நன்றாக இருந்தவர்களுக்கும் சிகரெட் புகை அதைக் கெடுத்துவிடுகிறது! ஈரம் குறைகிறது. சளி பசை போல் ஒட்டிக்கொள்கிறது. காலை இருமலுக்கு இது ஒரு முக்கிய காரணம்.

குழாயைத் தளர்த்தும் மணி

இரண்டாவது புரதம் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையில் இருக்கிறது. பயத்திலும் ஓட்டத்திலும் உடலில் சுரக்கும் அட்ரினலின் இந்த மணியை அழுத்தும். உடனே தசை தளரும், குழாய் விரியும்.

இத்தகைய மணிகள் இரண்டு வகைப்படும் என்று 1948ல் ஆல்குவிஸ்ட் என்ற அமெரிக்கர் எழுதியபோது அதைப் பலர் நம்பவில்லை. ஆனாலும் அந்த வழியில் சென்றவர்களின் முயற்சியால் 1969ல் சால்புட்டமால் என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. அட்ரினலினைப் போலவே இதுவும் அந்த மணியை அழுத்தும். 1986ல் லெஃப்கோவிட்ஸ் குழுவினர் அந்தப் புரதத்தின் மரபணுவைப் படித்தார்கள். சவ்வை ஏழு முறை உள்ளும் புறமுமாகத் தைத்தது போல் அது அமைந்திருந்தது. இந்த ஆராய்ச்சிக்காக லெஃப்கோவிட்ஸுக்கும் கோபில்காவுக்கும் 2012ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

சென்னையிலிருந்து சென்ற ஊமத்தை

மூன்றாவது புரதம் இதற்கு எதிரானது. நரம்பிலிருந்து வரும் கட்டளையைக் கேட்டுத் தசையை இறுக்கும் மணி அது. அதை அடைத்துவிட்டால் இறுக்கம் தளரும்.

ஊமத்தைச் செடியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதன் புகையை இழைப்புக்கு இழுப்பது நம் நாட்டுப் பழைய வைத்தியம். சென்னையில் இருந்த ஆங்கில மருத்துவர்கள் இதைக் கற்றார்கள். 1802ல் ஜெனரல் ஜென்ட் என்பவர் சென்னையிலிருந்து இதை பிரிட்டனுக்கு எடுத்துச் சென்றார். ஊமத்தையில் உள்ள அட்ரோபின் என்ற பொருள் இந்த மூன்றாவது மணியைத்தான் அடைக்கிறது. ஆனால் ஊமத்தை கொடிய விஷம். யாரும் வீட்டில் பரீட்சித்துப் பார்க்கக் கூடாது. ரத்தத்தில் அதிகம் கலக்காதபடி அட்ரோபினைத் திருத்திச் செய்தவையே இன்று இன்ஹேலரில் வரும் இப்ராட்ரோப்பியம், டியோட்ரோப்பியம் மருந்துகள்.

மாத்திரையா, இன்ஹேலரா?

இப்போது அலமாரிக்குள் ஒளிந்திருக்கும் இன்ஹேலருக்கு வருவோம். மணி இருப்பது மூச்சுக்குழாயில். மாத்திரையோ வயிற்றுக்குப் போய், ஈரலைக் கடந்து, ரத்தத்தில் கலந்து, உடல் முழுதும் சுற்றி, பிறகுதான் அங்கே வந்து சேர்கிறது. போகிற வழியில் கைத் தசையிலும் இதயத்திலும் உள்ள மணிகளையும் அழுத்திவிடுகிறது. கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் இதனால்தான்.

கணக்கைப் பாருங்கள். சால்புட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து. இன்ஹேலரை இரண்டு முறை அழுத்தினால் வருவது 0.2 மில்லிகிராம்தான். இருபதில் ஒரு பங்கு! வேலையும் சில நிமிஷங்களில் நடக்கிறது. ஆக, இரண்டில் 'பெரிய மருந்து' எது?

இது போதைப் பழக்கமும் அல்ல. நான்கைந்து மணி நேரத்தில் இதன் வேகம் தீர்ந்துவிடும். ஆனால் ஓர் எச்சரிக்கை. ஓயாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் செல் அந்த மணிகளில் சிலவற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆகவே உடனடி நிவாரண இன்ஹேலர் அடிக்கடி தேவைப்பட்டால், நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள். டாக்டரிடம் போக வேண்டும். நாள்தோறும் எடுக்க வேண்டிய மருந்து வேறாக இருக்கலாம்.

அழுத்தும் முறையும் முக்கியம். முதலில் மூச்சை நன்றாக வெளியே விட வேண்டும். உதடுகளால் இறுக மூடிக்கொண்டு, அழுத்தும்போதே மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். பிறகு பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். தூள் அடைத்த குளிகையைக் கருவியில் போட்டு இழுக்கும் வகையும் உண்டு. அதை மட்டும் வேகமாக இழுக்க வேண்டும். அந்தக் குளிகையைத் தண்ணீரில் விழுங்கிவிட்டு, "பலனில்லை" என்பவர்கள் இருக்கிறார்கள்!

போனது போகட்டும்

இன்ஹேலர் மணியை அழுத்தும். புகை கெடுத்த நுரையீரலைப் புதிதாக்காது. லண்டனில் உழைக்கும் ஆண்கள் 792 பேரை எட்டு ஆண்டுகள் கவனித்து ஃபிளெட்சர், பீட்டோ என்ற இருவர் 1977ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். புகைப்பதை நிறுத்தியவர்களுக்கு இழந்த மூச்சு திரும்பவில்லை. ஆனால் அதற்குப் பிறகு குறைவது, புகைக்காதவர்களுக்கு வயதோடு குறைகிற அளவுக்கு நின்றுவிட்டது. அதாவது ஐம்பதில் நிறுத்தினாலும் லாபம் உண்டு.

படிக்கட்டில் நின்று மூச்சு வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவே. பீடியை இன்றே விடுங்கள். ஒரு குழாயில் பலமாக ஊதச் சொல்லி அளக்கும் 'ஸ்பைரோமெட்ரி' பரிசோதனை இருக்கிறது; டாக்டரிடம் கேட்டு அதைச் செய்துகொள்ளுங்கள். இன்ஹேலரைத் துணிக்கு அடியிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் வையுங்கள். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்ள யாரும் வெட்கப்படுவதில்லை. இதற்கு மட்டும் என்ன வெட்கம்?