கண்ணும் ஊற்றும்: ‘ஐன்’, ‘மத்தா’ எனும் இரு சொற்கள்

உசூலுல் ஃபிக்ஹ் பயின்றோர் ‘முஷ்தரக்’ எனும் பகுதியில் முதலில் சந்திக்கும் எடுத்துக்காட்டு ‘ஐன்’ எனும் சொல்லாகவே இருக்கும். கண், நீரூற்று, பொன், ஒற்றன், ஒன்றன் தன்னிலை என உஸ்தாது பொருள்களை அடுக்கிச் சொல்வார். மாணவர் மனனம் செய்வர். இத்தனை பொருள்களும் ஒரே சொல்லில் ஏன் வந்து கூடின என்னும் வினா வகுப்பறையில் பெரும்பாலும் எழுவதில்லை. அதற்கு விடை தேடுவோர்க்கு, அரபியோடு குடும்ப உறவு இல்லாத மலாய் மொழி எதிர்பாராத துணையாக அமைகிறது.

மலாயில் கண்ணுக்குப் பெயர் ‘மத்தா’. நீரூற்று ‘மத்தா ஆயர்’, அதாவது நீரின் கண். ஒற்றன் ‘மத்தா மத்தா’. பழைய மலாயாவில் காவலரையும் இப்பெயரால் அழைத்தனர். இந்தோனேசியாவில் ஒரு நாட்டின் நாணயம் ‘மத்தா உவாங்’, பணத்தின் கண். சூரியனோ ‘மத்தாஹரி’, பகலின் கண். அரபியிலும் கதிரவனின் வட்டத்தை ‘ஐனுஷ் ஷம்ஸ்’ என்பர்; கெய்ரோ மாநகரின் ஒரு பகுதி இன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. (ஒற்றாடியதாகக் குற்றம் சாட்டப்பட்டு 1917இல் பிரான்சில் சுட்டுக் கொல்லப்பட்ட டச்சு நடனமாது தமக்குச் சூட்டிக்கொண்ட மேடைப்பெயரும் மத்தாஹரிதான். சூரியன் என்று கருதி வைத்த பெயருக்குள் ஒற்றனைக் குறிக்கும் சொல்லும் ஒளிந்திருந்தது விந்தையே.)

ஆகவே மலாய் இவற்றை அரபியிடமிருந்து கற்றுக்கொண்டது என்று முடிவு கட்டலாமா? இஸ்லாத்துடன் எண்ணற்ற அரபிச் சொற்கள் மலாயில் புகுந்தது உண்மை. ஆனால் அரபியின் நிழல் படாத ஃபிஜித் தீவின் பழமொழியிலும் சூரியன் ‘மத்தா நி ஸிங்கா’, பகலின் கண்ணே. பாரசீகத்தில் கண் ‘சஷ்ம்’, ஊற்று ‘சஷ்மா’. தமிழராகிய நாமும் ஊற்றுக்கண் என்கிறோம். வட்டமாயிருப்பது, நீர் சுரப்பது, பார்ப்பது ஆகிய மூன்றும் கண்ணின் இயல்புகள். அவற்றைக் கண்ட மாந்தர் வெவ்வேறு நிலங்களில் தத்தம் போக்கிலேயே இப்பொருள்களை அடைந்திருக்கின்றனர். பொருள் ஒத்திருப்பதால் மட்டும் மொழிகள் உறவாகிவிடுவதில்லை.

ஒலி ஒத்திருந்தால்? இங்கேதான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். மலாய், தகலோக், சமோவா, ஃபிஜி மொழிகளில் ‘மத்தா’ என்பதே கண். தைவானின் பூர்வகுடிகளுள் ஒருவரான பைவான் மக்கள் ‘மத்ஸா’ என்பர். ஹவாயில் அது ‘மக்கா’. உடனே புனித நகரை நினைத்துவிட வேண்டாம், பிற தீவுகளின் தகரம் ஹவாயில் ககரமாகும் என்பது பல சொற்களில் கண்ட ஒழுங்கு. தைவான் முதல் நியூசிலாந்து வரையும், மடகாஸ்கர் முதல் ஈஸ்டர் தீவு வரையும் பரந்துள்ள இக்குடும்பத்தை ஆஸ்திரோனேசியம் என்பர். சுமார் 1200 மொழிகள் இதில் அடங்கும். மலாய்க்கும் மடகாஸ்கர் மொழிக்கும் பசிபிக் தீவுமொழிகளுக்கும் உள்ள ஒற்றுமையை 1708 அளவிலேயே எடுத்துக்காட்டிய அட்ரியான் ரேலந்து, உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கீழைமொழிகள் கற்பித்தவர்; 1705இல் இஸ்லாம் பற்றி லத்தீனில் நூல் எழுதியவரும் அவரே.

மடகாஸ்கரில் கண்ணுக்கு ‘மஸு’ என்று பெயர். ‘மத்தா’வின் திரிபுதானே என்று கடந்து செல்லத் தோன்றும். பத்துமலையின் ‘பத்து’ எண்ணைக் குறிப்பதன்று, மலாயில் கல் என்று பொருள்படுவது. அக்கல் மடகாஸ்கரில் ‘வத்து’. பகரம் மாறிற்று, தகரம் மாறவில்லை. அந்த ஒழுங்கின்படி கண்ணும் தகரத்தோடே இருந்திருக்க வேண்டும். ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகளுள் ஒன்றான சிச்சேவாவில் கண்கள் ‘மஸோ’ எனப்படுவதை நோக்கினால், கடல் கடந்து குடியேறியோர் அக்கரையினரிடம் கலந்து பெற்ற சொல் இது என்னும் ஐயம் வலுப்பெறுகிறது. எனினும் சூரியனை அவர்கள் ‘மஸுவாந்த்ரு’, பகலின் கண், என்றே வழங்குகின்றனர். சொல்லின் ஒலி அயலாரிடமிருந்து வந்திருப்பினும் உவமை மூதாதையர் தந்ததாகவே நிற்கிறது.

இக்காலக் கிரேக்கத்தில் கண் ‘மாத்தி’. அது ‘ஒம்மாத்தியொன்’ எனும் பழஞ்சொல்லின் தலையும் வாலும் தேய்ந்து பிறந்தது. மலாயோடு யாதொரு தொடர்பும் இல்லை. வியட்நாமியச் சொல் ‘மத்’. அம்மொழிக் குடும்பத்துக்கும் ஆஸ்திரோனேசியத்துக்கும் பழைய உறவுண்டு என வில்ஹெல்ம் ஷ்மித் 1906இல் முன்வைத்த கொள்கை இன்றளவும் பொதுவாக ஏற்கப்படவில்லை. அரபியின் ‘மாத்த’ (இறந்தான்), வடமொழியின் ‘மாதா’ (தாய்) ஆகியன ஒலியளவில் அருகில் நிற்பவை, வேரளவில் தனித்தனியானவை.

உலகமொழிகள் அனைத்தும் அரபியிலிருந்தே பிறந்தன என்று சொற்பட்டியல் போடுவோர் நம்மிடையே உள்ளனர்; தமிழிலிருந்து பிறந்தன என்று போடுவோரும் உள்ளனர். இருசாராரும் கையாள்வது ஒரே முறைதான்: ஒத்தவற்றை எடுத்துக்கொள்வது, ஒவ்வாதவற்றை விட்டுவிடுவது. அரபியின் பெருமைக்கு இத்தகைய முட்டுக்கொடுப்புத் தேவையில்லை. எட்டாம் நூற்றாண்டிலேயே அரபிச் சொற்களை ஒலிப்பிடத்தின் வரிசையில் தொகுக்கத் திட்டமிட்ட கலீல் இப்னு அஹ்மத், தம் அகராதியை ‘ஐன்’ எழுத்தில் தொடங்கினார். ‘கிதாபுல் ஐன்’ என அது பெயர் பெற்றது. அத்தகைய ஒழுங்குணர்வுக்கு வாரிசுகளாகிய நாம் செவிக்குப் பட்டதைக் கொண்டு வம்சாவளி எழுதலாகாது.

முஷ்தரக்கை நுணுகி அறிவதன் பயன் திருமறையை மொழிபெயர்க்குமிடத்துத் தெளிவாகும். பன்மையில் இடர் குறைவு: குர்ஆன் கண்களுக்கு ‘அஃயுன்’ என்றும், ஊற்றுகளுக்கு ‘உயூன்’ என்றும் வேறுபடுத்தியே ஆள்கிறது. ஒருமையில் இடஞ்சுட்டித்தான் பொருள் கொள்ள வேண்டும். அல்பகராவில் மூஸா நபி பாறையில் அடித்தபோது பீறிட்ட பன்னிரண்டும் நீரூற்றுகள். ஸபா அத்தியாயத்தில் ஸுலைமான் நபிக்கு ஓடச்செய்ததோ உருகிய செம்பின் ஊற்று. அங்கே நீர் என்பதே இல்லை. மலாய் மொழிபெயர்ப்பாளருக்கு ‘மத்தா ஆயர்’ என்பது முன்னதற்கு இயல்பாகப் பொருந்தும். பின்னதில் ‘ஆயர்’ என்பது நீராதலால் அவர் சற்றே நின்று யோசிக்க வேண்டியவராகிறார். ‘ஃபர்ளு ஐன்’ என்பதை மட்டும் மலாய் மக்களும் நம்மைப் போலவே பெயர்க்காமல் அப்படியே வைத்துக்கொண்டனர். அங்கே ‘ஐன்’ என்பது கண்ணுமன்று, ஊற்றுமன்று; கடமைக்குரிய ஆள்தானே.